புல் செதுக்குவது யார் வேலை?

சிவன் கோயில்களில் நால்வர் சிலைகள் வரிசையாக நிற்கும். அதில் அப்பரை மட்டும் யாரும் தவறவிடுவதில்லை. மாணிக்கவாசகர் கையில் ஏடு இருக்கும். அப்பரோ தோளில் ஒரு கருவியைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். நீளமான கைப்பிடி, நுனியில் தட்டையான இரும்பு. அதுக்குப் பேர் உழவாரம். அதன் வேலை தரையோடு ஒட்டிய புல்லைச் செதுக்குவது. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதிய ஒருவருக்கு எழுத்தாணியைக் கொடுக்காமல் புல் செதுக்கியைக் கொடுத்து நிற்கவைத்திருக்கிறது நம் மரபு. இது எனக்கு எப்போதுமே ஆச்சரியமான விஷயம்.

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் நண்பர்களுக்குள் அடிக்கடி நடக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். திருத்தணிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் காலி மனை, வீட்டுப் பின்புறம், சின்னக் கோயில்களின் சுற்று எல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல் ஏறிவிடும். தோளில் மாட்டும் பெட்ரோல் மிஷினோடு ஒருத்தர் வருவார். மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் அரை நாளில் முடித்துவிடுவார். "காசைக் குடுத்து விட்டுடு, நமக்கு எதுக்கு முதுகு வலி" என்கிறார் ஒருவர். "நம்ம இடத்துப் புல்லை நாமளே வெட்டாம என்னய்யா வாழ்க்கை" என்கிறார் இன்னொருவர். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் வாரக் கடைசியில் புல்வெளி வெட்டும் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, அவர்கள் பங்குக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இந்தக் கேள்வி நம் ஊரில் ரொம்பப் பழசு. தானே செய்வதா, ஆள் வைத்துச் செய்வதா என்று நம் கதைகளும் கல்வெட்டுகளும் சட்டங்களும் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக மாற்றி மாற்றிப் பேசியிருக்கின்றன. அதில் எனக்குத் தெரிந்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

முதலில், நமக்குப் புல் என்றால் என்ன?

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வெள்ளைக்காரர் வீட்டுக்கு முன்னால் புல் இருந்தால் அழகு. நமக்கு அது அவலட்சணம். நம் வாசல் என்பது மண் தெரியவேண்டிய இடம். விடிகாலையில் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போடுவதற்கான இடம். ஒரு வீட்டு வாசலில் புல் முளைத்திருக்கிறது என்றால் அந்தக் குடும்பம் நொடித்துப்போனது, அல்லது ஊரை விட்டுப் போனது என்று அர்த்தம். புல் இருக்கவேண்டிய இடம் வரப்பும் மேய்ச்சல் காடும். அங்கேயும் அது மாட்டுக்கு. அருகம்புல் மட்டும் விதிவிலக்கு, அது பிள்ளையாருக்கு.

கோயில் திருமுற்றம் என்பதும் ஒரு பெரிய வாசல்தான். அங்கே வருகிறவர்கள் எல்லாம் வெறுங்காலோடு வருகிறவர்கள். புல்லோடு நெருஞ்சி முளைக்கும். நெருஞ்சி முள் மேல் கால் வைத்தவர்களுக்கு அப்பர் ஏன் உழவாரத்தைத் தூக்கினார் என்று விளக்கவே வேண்டாம். பாம்பு, தேள் பயமும் உண்டு. பக்திக்கு முன்னால் இதில் ஒரு நடைமுறை நியாயம் இருக்கிறது: பிரகாரம் சுற்ற வருகிற முகம் தெரியாத ஆளின் பாதத்துக்காக ஒருவர் குனிந்து வேலை செய்கிறார்.

தானே செய்தவர்கள்

அப்பர் ஏழாம் நூற்றாண்டுக்காரர், முதலாம் மகேந்திரவர்மன் காலம். அவருக்கு முன்னால் அவருடைய அக்கா திலகவதியார் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்துபோக, அவர் திருவதிகை வீரட்டானத்தில் தங்கி, கோயிலைப் பெருக்கி, மெழுகி, மாலை கட்டி வாழ்ந்தார் என்கிறது பெரியபுராணம். தம்பி சமணத்திலிருந்து திரும்பி வந்து நின்றது அந்த அக்காவிடம்தான். அப்பரும் தம்முடைய திருவாரூர்த் தாண்டகம் ஒன்றில், விடிவதற்கு முன்னே கோயிலுக்குப் போய்ப் பெருக்கி மெழுகிப் பூமாலை தொடுப்பதைத்தான் வழியாகச் சொல்கிறார். பெண்கள் வீட்டு வாசலில் தினமும் செய்ததை ஒரு பெரிய மடத்துத் தலைவராக இருந்தவர் கோயில் வாசலில் செய்தார். அந்தக் காலத்துக்கு இது சின்ன மாற்றம் இல்லை.

திருப்புகலூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் செதுக்கிக்கொண்டிருந்த இடத்தில் பொன்னும் மணியும் கிடக்கும்படி இறைவன் செய்கிறார். அப்பர் அதைப் பருக்கைக் கல்லோடு கல்லாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிடுகிறார். வழக்கமாக இதைப் பற்றற்ற தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அந்தப் பொன்னை எடுத்திருந்தால் அது கூலி ஆகியிருக்கும். கூலி வாங்கினால் அந்த வேலைக்கு வேறு பேர். அந்தக் கோட்டைத் தாண்ட அவர் தயாராக இல்லை.

வைணவத்தில் இதே பிடிவாதத்தின் உச்சம் அனந்தாழ்வான். திருத்தணியிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் இருக்கும் திருமலையில் நடந்த கதை. இராமானுசர் தம் சீடர்களிடம், வேங்கடத்துக் குளிரிலும் காட்டிலும் போய்த் தங்கி யார் பூத்தொண்டு செய்வீர்கள் என்று கேட்கிறார். அனந்தாழ்வான் போகிறார். நந்தவனத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று குளம் வெட்டுகிறார். மண்ணைச் சுமப்பது கர்ப்பமாக இருந்த மனைவி. ஒரு சிறுவன் வந்து, நான் கூட ஒத்தாசை செய்கிறேன் என்கிறான். வேண்டாம், இது எங்கள் வேலை என்கிறார் அனந்தாழ்வான். அவருக்குத் தெரியாமல் அந்தச் சிறுவன் மனைவியின் சுமையை வாங்கிக்கொள்ள, கோபத்தில் கடப்பாரையை வீசுகிறார். அது தாடையில் படுகிறது. பிறகு கருவறையில் பெருமாளின் தாடையில் ரத்தம். இன்றைக்கும் மூலவர் தாடையில் பச்சைக் கற்பூரம் சாத்துவதற்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கோயில் மகாதுவாரத்தில் ஒரு கடப்பாரையும் தொங்குகிறது.

தொண்டின் பெருமையைச் சொல்லும் கதைதான். ஆனாலும் மண் கூடையைத் தூக்கிய அந்தக் கர்ப்பிணிக்கு ஒத்தாசை வேண்டியிருந்தது, அவள் அதை வாங்கிக்கொண்டாள் என்பதும் இதே கதைக்குள்தான் இருக்கிறது. தானே செய்வேன் என்று சபதம் எடுப்பவருக்குப் பின்னால் சபதம் எடுக்காத ஒருவர் சுமந்துகொண்டிருப்பது இன்றைக்கும் நாம் பார்ப்பதுதான்.

ஆள் வைத்தவள்

தமிழில் கூலிக்கு ஆள் வைத்தவர் பற்றியும் ஒரு பெரிய கதை உண்டு. அது வந்தியின் கதை.

வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு ஒருவன் வருகிறான். அவன் வேலையும் செய்யாமல் ஆட்டம் போட, அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. கூலியாள் சொக்கநாதர். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இது நடத்திக் காட்டப்படுகிறது.

இந்தக் கதையில் ஆள் வைப்பது குற்றமாகச் சொல்லப்படவில்லை. முடியாதவள் ஆள் வைக்கிறாள், பேசின கூலியைக் கொடுக்கிறாள், அதுவும் முன்கூட்டியே. அடித்தவன்தான் தலைகுனிகிறான். அப்பர் கதையில் கூலி மறுப்பு பெருமை. வந்தி கதையில் கூலி கொடுப்பது பெருமை. இரண்டும் ஒரே சைவ மரபில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யாரும் இதை முரண்பாடாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கல்வெட்டு சொல்லும் கணக்கு

கதைகளை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. அங்கே கோயில் பராமரிப்பு என்பது முழுக்க முழுக்கச் சம்பளக் கணக்கு.

திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். மலைக்குக் கீழே நந்தி ஆற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. அட்ட வீரட்டத் தலங்களில் இது சேராது, பெயர் மட்டும் வீரட்டானம். பல்லவர்களின் கடைசிக் காலத்தில், அபராஜிதவர்மன் ஆட்சியில், நம்பி அப்பி என்பவர் இதைக் கற்றளியாக எடுத்தார். அதைப் பாராட்டி அரசனே பாடிய வெண்பா ஒன்று இங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வேலஞ்சேரியில் கிடைத்த அபராஜிதன் செப்பேடு மலைமேல் முருகனுக்குக் கொடுத்த கொடையைப் பேசுகிறது. அதோடு முதலாம் பராந்தக சோழன் செப்பேடும் கிடைத்தது. இரண்டையும் பதிப்பித்தவர் இரா. நாகசாமி.

இப்படிப்பட்ட ஆவணங்களைத் தமிழ்நாடு முழுக்க எடுத்துப் பார்த்தால் ஒரு பொதுவான நடைமுறை தெரியும். கோயிலுக்கு நிலம் விடுவார்கள். அந்த நிலத்தின் விளைச்சலில் இன்ன வேலைக்கு இவ்வளவு என்று நிவந்தம் எழுதுவார்கள். விளக்குக்கு எண்ணெய், அமுதுக்கு அரிசி, பூசைக்கு நம்பி, மேளத்துக்கு உவச்சர். பூந்தோட்டத்துக்கென்று தனியாக விட்ட நிலத்துக்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். தோட்ட வேலை செய்பவர்களுக்கு நெல்லும் துணிக்குக் காசும் ஒதுக்குவதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டிவைத்த நிவந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு 100 கலம் நெல் என்று தொடங்கி, நட்டுவர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் வரை பங்கு போகிறது.

பூ விஷயத்தில் திருத்தணிக்குத் தனிப் பெருமை உண்டு. இந்திரன் இங்கே சுனையில் கருங்குவளையை நட்டு முருகனைப் பூசித்தான், அது நாளுக்கு மூன்று பூ பூத்தது என்பது கந்தபுராணத் தொடர்புடைய கதை. அதனால்தான் இந்த மலைக்கு உற்பலகிரி என்றும் ஒரு பெயர். ஆடிக் கிருத்திகைக்கு 365 படி ஏறி வரும் பூக்காவடிகளைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரில் பூ எவ்வளவு பெரிய தேவை என்று புரியும். தேவராசனே தன் கையால் நட்டான் என்று புராணம் சொல்லலாம். தினமும் தண்ணீர் ஊற்றி, களை பறித்து, பூப் பறிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வயிறு உண்டு. கல்வெட்டுக்கு அது தெரியும்.

இதில் கவனிக்கவேண்டியது அந்தக் கூலியின் தன்மை. சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிவைத்த கூலி அது. வேலை செய்கிற குடும்பத்துக்கு அது காணி, அதாவது உரிமை. இன்று மிஷினோடு வந்துவிட்டு நாளை வராமல் போகும் ஏற்பாடு இல்லை. அந்த உரிமையே பல இடங்களில் சாதித் தளையாகவும் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

மூன்றாவது வகை: வெட்டி

இதுவரை இரண்டு வகை பார்த்தோம். விரும்பிச் செய்கிற தொண்டு, கூலிக்குச் செய்கிற பணி. மூன்றாவது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியலில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்கள் வரும். கூலி இல்லாமல் செய்து தரவேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். "வெட்டியா சுத்துறான்", "வெட்டிப் பேச்சு" என்று நாம் இன்றைக்குப் பயன்படுத்துகிற வெட்டி இதுதான். பலன் இல்லாத உழைப்பு என்பது மெல்ல மெல்ல உழைப்பே இல்லாதது என்று பொருள் மாறிவிட்டது. முதுகொடிய வேலை செய்தவர்களைக் குறித்த சொல் சும்மா இருப்பவர்களைக் குறிக்கும் சொல்லானது எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்!

ஏரிக்கரை, வாய்க்கால், கோயில் சுற்று, அதிகாரி வரும் பாதை எல்லாம் இப்படித்தான் பல காலம் சுத்தமாயின. 1858-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் ஏரிக்கரை உடையும் அவசரத்தில் ஊர்க்காரர்களை வேலைக்கு இழுக்க அதிகாரம் கொடுத்தது. வந்தியின் ஊர் உத்தரவு சட்டப் புத்தகத்தில் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, உன் வேலையை நீயே செய் என்ற அறிவுரையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். மடத்துத் தலைவர் தானே குனிந்தால் அது தொண்டு. மறுக்க முடியாதவனைக் குனியவைத்தால் அது வெட்டி. இரண்டிலும் செதுக்கப்படும் புல் ஒன்றுதான், பைசாவும் கைமாறவில்லை. வித்தியாசம் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்பதில்தான்.

புல்வெளி வந்த கதை

இப்போது கொஞ்சம் கடல் தாண்டுவோம். நம் ஆள் புல்லைச் செதுக்கி மண்ணைக் காட்டிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்துப் பிரபுக்கள் புல்லை வளர்த்து மட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். பனி ஈரம் காயும் முன், விடிகாலையில், நீண்ட அரிவாளோடு ஒரு கூட்டம் வேலையாட்கள் வரிசையாக வெட்டுவார்கள். அதனால் புல்வெளி என்பதே எனக்கு இத்தனை ஆள் இருக்கிறது என்று காட்டும் அடையாளம்.

1830-ல் எட்வின் படிங் என்ற பொறியாளர், கம்பளித் துணியின் மேல் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதே உருளைக் கத்தியைப் புல்லுக்கு மாற்றினார். காப்புரிமை வாங்கியபோது அதன் விவரத்தில் ஒரு சுவாரசியமான விஷயம் எழுதினார். நாட்டுப்புறக் கனவான்கள் இதைத் தாங்களே தள்ளினால் நல்ல பொழுதுபோக்கு, உடம்புக்கும் நல்லது என்கிறார். ஆக, இயந்திரம் பிறந்த அன்றே நம் நண்பர்களின் சண்டையும் பிறந்துவிட்டது. நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் அது தலைகீழாகி, தானே வெட்டுவது கடமையாகிவிட்டது. 1940-களின் கடைசியில் நியூயார்க் பக்கம் கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் வாரம் ஒருமுறை புல் வெட்டவேண்டும் என்பது வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை. தோர்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே இதைக் கிண்டல் செய்துவிட்டார். மேய்ச்சல் நிலம் மாதிரி இருக்கவேண்டும், ஆனால் மாடு மட்டும் இருக்கக்கூடாது, ஏனென்றால் மாடு பயன் தருவது, பயன் தருவது கௌரவக் குறைச்சல் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் பக்கத்தில் புல்லுக்கட்டு தூக்கிப் போகும் எந்த அம்மாவைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இந்தப் புல்வெளி அதிகாரத்தோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது தாஜ்மகால் தோட்டத்தில் அடர்ந்திருந்த மரங்கள் குறைக்கப்பட்டு ஆங்கில பாணிப் புல்வெளி விரிக்கப்பட்டது. தொல்லியல் துறையில் தோட்டக்கலைக்கென்றே தனிப் பிரிவு உருவானது. அதன் தொடர்ச்சியைத் தஞ்சாவூரிலும் கங்கைகொண்டசோழபுரத்திலும் தாராசுரத்திலும் இன்று பார்க்கலாம். தூசி பறக்காமல், கண்ணுக்குக் குளிர்ச்சியாக, பச்சைப் பசேல் என்று. அப்பர் உழவாரத்தோடு சிலையாக நிற்கும் அதே சிவன் கோயில் முற்றத்தில், இப்போது அரசாங்கச் சம்பளத்தில் புல் வளர்த்து, அதை மிஷின் வைத்து வெட்டுகிறோம். அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இந்தக் கதையில் திருத்தணிக்காரர் ஒருவரும் இருக்கிறார். 1888-ல் இங்கே பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக வாழ்ந்த மாளிகை, லட்யன்ஸ் வடிவமைத்த மாபெரும் புல்வெளிகளோடு கூடியது. ஒரு காலத்தில் அங்கே தோட்ட வேலைக்கு மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் பறவை விரட்டுவதற்கென்றே சிறுவர்கள் இருந்தார்கள். அவருக்கு முன்னால் 1948-ல் கவர்னர் ஜெனரலாக அதே மாளிகையில் குடியேறிய ராஜாஜி வேறு ஒன்று செய்தார். நாட்டில் உணவுப் பஞ்சம். மாளிகை நிலத்தில் தானே ஏர் பிடித்து உழுது, ஒரு பகுதியைத் தானியம் பயிரிட விட்டார். அதில் விளைந்தது பஞ்சத்தைத் தீர்த்துவிடவில்லை. ஆனால் அந்த மண் எதற்கு என்ற கேள்வியை அது திருப்பிப் போட்டது. பின்னாளில் அவர் மதராஸ் முதலமைச்சராக இருந்தபோதுதான் ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் உச்சத்துக்குப் போனது என்பதும், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பதும் வேறு கதை.

காணி போய், சம்பளம் வந்து, ஒப்பந்தம் வந்தது

திரும்ப ஊருக்கு வருவோம். நந்தவனத்துக்கு விட்ட நிலங்கள் என்ன ஆயின?

1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் ஊழிய மானியங்களை அளந்து, பட்டா கொடுத்து, பலவற்றை வேலையிலிருந்து பிரித்தது. 1863-ன் சட்டத்தால் ஆங்கிலேய அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து விலகியது. நூறு வருஷம் கழித்து 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. இடையில் 1959-ன் அறநிலையச் சட்டம். பிறகு 1971-ன் 2-ஆம் எண் திருத்தச் சட்டம், அர்ச்சகர் முதல் கோயில் பணியாளர் வரை பரம்பரை உரிமையை நீக்கியது. 1972-ல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சாதியின் பிடியைத் தளர்த்த அது தேவையான திருத்தம் என்பது என் கருத்து. ஆனால் நிலமும் போய், பரம்பரையும் போன பிறகு, பெரிய வருமானமுள்ள கோயில்களில்தான் சம்பளத்துக்கு ஆள் போட முடிந்தது. இப்போது அங்கேயும் பல இடங்களில் துப்புரவு ஒப்பந்த நிறுவனங்களிடம். ஒருகால பூசைக்கே திண்டாடும் சின்னக் கோயில்களில் புல் வளர்ந்தது.

அந்த வெற்றிடத்தில் வந்தவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணிக் குழுக்கள். சென்னை, வேலூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். சாப்பாடு அவர்களே கொண்டுவருகிறார்கள். ஒரே நாளில் காடு மாதிரி இருந்த பிரகாரத்தை நடக்கும்படி ஆக்கிவிடுகிறார்கள். புதர் மூடிக் கிடந்த கல்வெட்டுகள் சில இவர்களால்தான் என் கண்ணுக்கே தெரிந்தன. என் நன்றி அவர்களுக்கு உண்டு.

ஆனால் திருத்தணிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் பெருக்கும் அம்மா ஒருவர் சொன்னதையும் பதிவு செய்துவிடுகிறேன். "நல்லவங்கதான் சார், குத்தம் சொல்லல. ஞாயித்துக்கெழம வந்து செதுக்கி ஓரமா குமிச்சுட்டுப் போய்டுவாங்க. போட்டோ எடுத்துக்குவாங்க. திங்கக்கெழம அத வாரிக் கொட்றது நானு. அந்த வாரம் எனக்கு ரெண்டு மடங்கு வேல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா, எங்க குமிக்கணும்னு சொல்லுவன்ல?"

"உங்களுக்கு எவ்ளோ தர்றாங்கம்மா?" என்றேன்.

"குடுக்கறத வாங்கிக்கறன். சாமி வேலைன்னு சொல்லிட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. சாமி வேலை என்ற சொல்லுக்குள் அப்பரின் தொண்டும் இருக்கிறது, பழைய வெட்டியும் இருக்கிறது. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. அப்பர் தன்னைப் பற்றிச் சொன்னால் தொண்டு. நிர்வாகம் அந்த அம்மாவிடம் சொன்னால் கூலிக் குறைப்பு.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள்

இன்றைய களை அப்பர் காலத்துக் களை இல்லை. 1950-களில் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட பார்த்தீனியம் இன்று எல்லாக் காலி இடத்திலும் இருக்கிறது. வெறுங்கையால் பிடுங்கினால் பலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். கையுறை போட்டு, பூக்கும் முன்னே பிடுங்கவேண்டும். கோரையை மேலாகச் செதுக்கினால் அடியில் இருக்கும் கிழங்கிலிருந்து திரும்ப வரும். விமானத்தில் முளைத்த அரசையும் ஆலையும் ஆர்வக் கோளாறில் இழுத்தால் வேரோடு கல்லும் பெயர்ந்து வரும். வெறுமனே நுனியை வெட்டினால் வேர் இன்னும் பருக்கும். அது தேர்ந்த ஆள் செய்யவேண்டிய வேலை. தேர்ந்த ஆள் என்று சொல்லிக்கொண்டவர்கள் சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிய கதையும் நமக்குத் தெரியும். காசு வாங்கினால் திறமை வந்துவிடும் என்றும் இல்லை, பக்தி இருந்தால் போதும் என்றும் இல்லை.

நண்பர்களின் சண்டைக்கு என் பதில் இதுதான். உங்கள் வீட்டுப் புல்லை நீங்களே வெட்டுங்கள், அல்லது ஆள் வையுங்கள், அது உங்கள் முதுகையும் பையையும் பொறுத்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாளாவது வெயிலில் குனிந்து ஒரு சென்ட் நிலத்தைச் செதுக்கிப் பாருங்கள். அடுத்த தடவை மிஷின்காரரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேச வாய் வராது. வெட்டினதை வாரிக் கொட்டவும் சேர்த்துக் கூலி பேசுங்கள். வந்தி மாதிரி, பேசினதை முதலிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

உழவாரப்பணிக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கோயிலுக்குள் நுழைந்ததும் சாமி கும்பிடுங்கள். அப்புறம் அங்கே தினமும் பெருக்குகிறவரைத் தேடிப்பிடித்து, "அம்மா, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேளுங்கள். அந்த இடத்தின் புல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கிளம்பும்போது, அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று நிர்வாகத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அதுவும் உழவாரப்பணிதான்.